விண்டர் ஸ்குவாஷ் கொழகொழவென்று ஆகாமல் ரோஸ்ட் செய்வது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பட்டர்நட் ஸ்குவாஷ் ஒன்று வாங்கினேன். கல் மாதிரி இருக்கிறது, வெட்டவே பயமாக இருக்கிறது. எப்படியோ வெட்டி ஓவனில் வைத்தால் நிறமே மாறாமல், தண்ணீர் விட்டு, கொழகொழவென்று வெந்துபோகிறது. சாப்பாட்டோடு வைத்துக்கொள்ள எளிமையான ஒரு சைடு டிஷ்ஷாக இதை எப்படிச் செய்வது?"

உங்களுக்கு வந்திருப்பது தண்ணீர்ப் பிரச்சினை. பட்டர்நட்டின் சதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 86 கிராம் தண்ணீர்தான். ஒரு கிலோ துண்டுகளை ட்ரேயில் கொட்டி ஓவனுக்குள் தள்ளினால், முக்கால் லிட்டருக்கும் மேலான தண்ணீரை உள்ளே வைக்கிறீர்கள் என்று அர்த்தம். துண்டின் மேல்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஆனால் நாம் ஆசைப்படும் அந்தப் பழுப்பு நிறமும் வறுத்த வாசனையும் சுமார் 140 டிகிரியைத் தொட்ட பிறகுதான் வேகமாக உருவாகத் தொடங்கும். ஓவன் 220 காட்டினாலும், உங்கள் துண்டுகள் தங்கள் ஆவியிலேயே அவிந்துகொண்டு இருந்திருக்கின்றன. அந்த ஈரம் போக வழி விட்டால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். கீழே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இதைச் சுற்றியேதான் வரும்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கடையில் குழப்பம் வராமல் இருக்க. விண்டர் ஸ்குவாஷ் என்றால் குளிர்காலத்தில் விளைவது என்று பலர் நினைக்கிறார்கள். இவை கோடையில் காய்த்து, இலையுதிர்காலத்தில் அறுவடையாகின்றன. கொடியிலேயே முழுதாக முற்றி, தோல் கெட்டிப்பட்ட பிறகு பறிப்பதால் குளிர்காலம் முழுக்கக் கெடாமல் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சுக்கினி போன்றவற்றைப் பிஞ்சாகவே பறித்துவிடுவார்கள், அவை சம்மர் ஸ்குவாஷ். நாம் பரங்கிக்காய், மஞ்சள் பூசணி என்று சொல்வதும் விண்டர் ஸ்குவாஷ் வகைதான், பட்டர்நட்டுக்கு நெருங்கிய உறவு. சாம்பல் பூசணி மட்டும் வேறு பேரினம். அதில் 96 சதவீதம் தண்ணீர் என்பதால் இந்த வேலைக்கு ஆகாது.

இந்தக் கொடிகளின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் ஒஹாகா பகுதியில் உள்ள ஒரு குகையில் கிடைத்த ஸ்குவாஷ் விதைகள் சுமார் 10,000 ஆண்டுகள் பழமையானவை. மக்காச்சோளத்துக்கும் முன்பே மனிதர்கள் இதைப் பயிரிட்டுவிட்டார்கள். அங்கிருந்து கப்பலேறி உலகம் சுற்றியதன் தடயம் பெயர்களில் இன்னும் இருக்கிறது. பரங்கியர் கொண்டுவந்தது இங்கே பரங்கிக்காய் ஆனது. அதே போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கம்போடியா வழியாக ஜப்பானுக்குக் கொண்டுபோனது அங்கே கபோச்சா ஆனது. கம்போடியா என்ற சொல்தான் அப்படித் திரிந்தது. இரண்டு மொழிகளும் ஒரே காய்க்கு, அது வந்த வழியைப் பார்த்துப் பெயர் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, காய்க்கு வருவோம். நல்லதாகப் பார்த்து எடுப்பதிலேயே ருசி பாதி முடிவாகிவிடும். அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கையில் கனப்பதை எடுங்கள். தோல் பளபளப்பாக இருந்தால் பெரும்பாலும் முற்றுவதற்கு முன் பறித்தது. மங்கலாக, பவுடர் பூசியதுபோல் இருப்பது முற்றியது. நகத்தால் அழுத்தினால் தோல் கிழியக்கூடாது. காம்பு ஒட்டியிருக்க வேண்டும், உலர்ந்து தக்கை மாதிரி இருக்க வேண்டும். காம்பு உடைந்த இடம் வழியாகத்தான் முதலில் அழுகல் நுழையும். பட்டர்நட்டில் கழுத்து நீளமாகவும் தடியாகவும் இருப்பதைத் தேடுங்கள். விதைக் குழி கீழ் உருண்டையில் மட்டும்தான், கழுத்து முழுக்கச் சதை. தோலில் பச்சைக் கோடுகள் தெரிந்தால் இன்னும் முற்றவில்லை என்று பொருள்.

முழுக்காயை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் குளிரால் சதை பழுதாகி, பிறகு சீக்கிரம் அழுகும். 10 முதல் 13 டிகிரி வரை உள்ள, காற்றோட்டமான, உலர்ந்த இடம்தான் இதற்கு ஏற்றது. அப்படி வைத்தால் பட்டர்நட் 2 முதல் 3 மாதம் தாங்கும், ஏகார்ன் என்ற இன்னொரு வகை ஒன்றரை மாதம்வரை. வைத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: உள்ளே இருக்கும் மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறும். பறித்த அன்றே சுட்ட கபோச்சா சப்பென்று மாவாக இருக்கும். அதே காயை ஒரு மாதம் கழித்துச் சுட்டால் வேறு காயோ என்று தோன்றும். பட்டர்நட்டும் அப்படித்தான். ஏகார்னுக்கு இந்தக் காத்திருப்பு பெரிதாக உதவாது, வாங்கியதும் சமைத்துவிடலாம்.

இப்போது வெட்டுவது. பயப்படுவது சரியான பயம்தான், ஏனென்றால் உருளும் ஒரு பொருளைப் பெரிய கத்தியால் அழுத்துகிறோம். முதலில் காயை நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள்; தோலில் இருக்கும் மண் கத்தியோடு சதைக்குள் போய்விடும். வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரியுங்கள், பலகை நகராது. கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்திக்குப் பலம் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும், பலம் கொடுக்கும்போதுதான் வழுக்கும்.

பட்டர்நட்டைப் படுக்கவைத்து, காம்புப் பக்கம் ஒரு சென்டிமீட்டர், அடிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் சீவிவிடுங்கள். இரண்டு முனையும் தட்டையாகிவிட்டன. அடுத்து கழுத்தும் உருண்டையும் சேரும் இடத்தில் குறுக்காக வெட்டி இரண்டாகப் பிரியுங்கள். இந்த ஒரு வெட்டு போதும், காயின் பிடிவாதம் போய்விடும். இப்போது இரண்டு துண்டையும் தட்டையான முகம் கீழே இருக்கும்படி நிறுத்தி வைக்கலாம், உருளாது. முழுக்காயை நீளவாக்கில் பிளக்கப் பார்ப்பவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள்.

கத்தி பாதியில் மாட்டிக்கொண்டால் முறுக்கி இழுக்காதீர்கள். கத்தியோடு சேர்த்தே காயை லேசாகத் தூக்கிப் பலகையில் தட்டுங்கள், அல்லது கத்தியின் முதுகில் மரக்கட்டை ஒன்றால் மெதுவாகத் தட்டுங்கள், தானே இறங்கும். அப்படியும் முடியவில்லை என்றால் மைக்ரோவேவ் உதவும். தோலில் முள்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆழமாகக் குத்திவிட்டு 2 அல்லது 3 நிமிடம் வையுங்கள். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கக்கூடும், அதை மட்டும் மறக்க வேண்டாம். வெளியே எடுத்துத் தொடும் சூட்டுக்கு ஆறியதும் வெட்டினால் கத்தி சுலபமாக இறங்கும்.

தோல் சீவ 'ஒய்' வடிவ பீலர்தான் நல்லது. நிறுத்தி வைத்து மேலிருந்து கீழாக இழுங்கள். ஒரு முறை சீவினால் வெளிர் நிறத்தில் ஓர் அடுக்கு தெரியும், அதில் மெல்லிய பச்சைக் கோடுகள் ஓடும். அவை நார், எவ்வளவு நேரம் வெந்தாலும் வாயில் தட்டுப்படும். இன்னொரு முறையோ இரண்டு முறையோ சீவி, ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் மட்டும் தெரியும்வரை போங்கள். நிறைய வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் சாப்பிடும்போது "நார் மாதிரி இருக்கு" என்று பலர் சொல்வதற்கு இந்த ஓர் அடுக்கை விட்டுவைத்ததுதான் பெரும்பாலும் காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு முறை நான் நான்கு பட்டர்நட்டை அடுத்தடுத்துச் சீவினேன். அரை மணி நேரத்தில் இடது கை முழுக்க இறுகிப்போனது. பசை காய்ந்து ஒட்டியதுபோல விரல்களை மடக்கவே முடியவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த உணர்வு போகவில்லை, மறுநாள் விரல் நுனியில் தோல் உரிந்தது. பச்சைப் பட்டர்நட்டைச் சீவும்போது கசியும் சாறு சிலருக்கு இப்படித் தோலில் எரிச்சல் தரும். பலருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு தடவை வந்திருந்தால் அடுத்த தடவை கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நான் இப்போது கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

உருண்டைப் பகுதியை இரண்டாகப் பிளந்து, விதையை உறுதியான ஸ்பூனால் சுரண்டி எடுங்கள். விதையோடு தொங்கும் நார்களையும் சுத்தமாக எடுத்துவிட வேண்டும், அவை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஓவனில் கருகும். அப்புறம் துண்டு போடுவது. நான் போடும் அளவு இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குலக் கட்டம். வெந்ததும் சுருங்கும் என்பதால் இது பெரிதாகத் தெரிந்தாலும் சரியாக வரும். ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் வெளியே நிறம் வருவதற்குள் உள்ளே குழைந்துவிடும். கழுத்துச் சதை கெட்டி, உருண்டைச் சதை சற்றுத் தளர்வு. ஆகையால் உருண்டைப் பகுதியைக் கொஞ்சம் பெரிய துண்டுகளாகப் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் வேகும். எல்லாம் ஒரே மாதிரி அழகாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒன்று நெல்லிக்காய் அளவிலும் இன்னொன்று எலுமிச்சை அளவிலும் இருந்தால் ஒன்று கருகும், ஒன்று வேகாது.

துண்டுகளைத் துணியால் ஒற்றி எடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, செய்து பாருங்கள். துணி நனைவதைப் பார்த்தால் எதற்குச் சொல்கிறேன் என்று புரியும்.

ஒரு கிலோ துண்டுக்கு 2 மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகத் தூள் உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள். இதைப் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கையால் புரட்டுங்கள். ட்ரேயிலேயே எண்ணெயை ஊற்றினால் பாதி எண்ணெய் ட்ரேக்குத்தான் போகும், சில துண்டுகள் வெறுமையாக நின்று காய்ந்துவிடும். எண்ணெய் ருசிக்கு மட்டும் இல்லை; ட்ரேயின் சூட்டைத் துண்டின் முகத்துக்குச் சீராகக் கடத்துவது அதுதான். கூடவே, ஸ்குவாஷுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டினை உடல் எடுத்துக்கொள்ளவும் கொழுப்பு வேண்டும். அதற்காக எண்ணெயில் மிதக்க விடாதீர்கள், அதிகமானால் துண்டுகள் பிசுக்கென்று இருக்கும். வெண்ணெயை மட்டும் வைத்துச் சுட வேண்டாம். அதிலிருக்கும் பால் பொருட்கள் இந்தச் சூட்டில் கருகும். வேண்டுமானால் கடைசியில் சேர்க்கலாம்.

உப்புப் போட்டதும் ஓவனுக்குப் போய்விட வேண்டும். உப்புப் போட்டு அரை மணி நேரம் ஓரமாக வைத்தீர்கள் என்றால் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். கேள்வியில் சொன்ன தொல்லை அங்கேயே ஆரம்பித்துவிடும்.

ட்ரே விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஓரம் தாழ்ந்த, அகலமான உலோக ட்ரே வேண்டும். ஆழமான பாத்திரத்தில் போட்டால் ஓரச்சுவர் ஆவியை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிப் பாத்திரம் மெதுவாகச் சூடேறும், அடியில் நிறம் வர நேரமாகும். துண்டுகளுக்கு இடையே விரல் அளவு இடைவெளி வேண்டும். 45க்கு 33 சென்டிமீட்டர் ட்ரேயில் ஒரு கிலோ துண்டு போட்டாலே கொஞ்சம் நெருக்கம்தான். இதற்கு மேல் இருந்தால் இரண்டு ட்ரேயாகப் பிரித்துவிடுங்கள், பாதி நேரத்தில் மேல் ட்ரேயைக் கீழேயும் கீழ் ட்ரேயை மேலேயும் மாற்றிவிடுங்கள். ஒரு தடவை விருந்தாளிகள் வருகிறார்கள் என்று இரண்டு கிலோவையும் ஒரே ட்ரேயில் கொட்டினேன். ஒரு மணி நேரம் ஆகியும் வேகவைத்த நிறம்தான். அன்று அதே காய், அதே உப்பு, அதே ஓவன் என்று எல்லாம் வழக்கம்போலவே இருந்தன. இடம் மட்டும்தான் குறைவு.

அடியில் பேக்கிங் பேப்பர் போடலாமா? போட்டால் ஒட்டாது, கழுவுவது சுலபம். போடாமல் வெறும் உலோகத்தில் வைத்தால் நிறம் கூடுதலாக வரும். வார நாளில் நான் பேப்பர் போடுவேன். நிறம் நன்றாக வர வேண்டும் என்று நினைக்கும் நாளில், ஓவன் சூடேறும்போதே வெறும் ட்ரேயை உள்ளே வைத்துவிட்டு, எண்ணெய் புரட்டிய துண்டுகளை அந்தச் சூட்டு ட்ரேயில் கொட்டுவேன். சுர்ரென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் அடிப்பக்கத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். கனமான கைத்துணி அவசியம், ட்ரேயைத் திறந்த ஓவன் கதவின் மேல் வைக்காமல் அடுப்பு மேல் வைத்துக் கொட்டுங்கள்.

சூடு 220 டிகிரி. விசிறி ஓடும் ஓவன் என்றால் 200 போதும். முழுதாகச் சூடேற 15 முதல் 20 நிமிடம் கொடுங்கள். விளக்கு அணைந்ததும் தயார் என்று நினைத்துவிட வேண்டாம். பல வீட்டு ஓவன்கள் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 10, 20 டிகிரி வித்தியாசம் இருக்கும். அடிக்கடி பேக் செய்பவராக இருந்தால் உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் போடுவது உருப்படியான செலவு.

உள்ளே வைத்த பிறகு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். முதல் 10 நிமிடம் ஓவன் கண்ணாடியில் ஆவி படியும், துண்டுகள் வியர்த்ததுபோல் மின்னும். அது தண்ணீர் வெளியேறும் நேரம், தொடாதீர்கள். 10ஆவது நிமிடத்தில் கதவை ஒரே ஒரு முறை திறந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, சேர்ந்த ஆவியை வெளியே விட்டு உடனே மூடுங்கள். 18 அல்லது 20ஆவது நிமிடத்தில் ஓர் ஓரத்துத் துண்டைத் தட்டைக் கரண்டியால் நெம்பிப் பாருங்கள். ட்ரேயை விட்டுச் சுத்தமாக எழும்பி, அடிப்பக்கம் செம்பு நிறத்தில், ஓரங்களில் கருஞ்சிவப்புக் கோடு விழுந்திருந்தால் திருப்பும் நேரம் வந்துவிட்டது. ஒட்டிக்கொண்டு பிய்ந்தால் இன்னும் நிறம் வரவில்லை. மூன்று நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டாம், பிரிவு பிரிவாகப் புரட்டினால் போதும். அப்புறம் ட்ரேயை முன்பின்னாகத் திருப்பி வைத்து இன்னும் 10 முதல் 15 நிமிடம். மொத்தம் 30, 35 நிமிடத்தில் முடிந்துவிடும்.

வெந்ததா என்று பார்க்கக் கத்தி நுனியால் குத்துங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக்கூடாது. ஓரம் லேசாகச் சுருங்கி, மூலைகள் மட்டும் கருத்திருந்தால் மிகச் சரி. அந்தக் கருத்த மூலையில் இருக்கும் கசப்புத்தான் இனிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது என் எண்ணம். வெளியே எடுத்ததும் ட்ரேயிலேயே 3 நிமிடம் விடுங்கள், கடைசி ஆவியும் போகட்டும். சூடாக எடுத்துக் கிண்ணத்தில் குவித்து மூடி வைத்தால், இவ்வளவு நேரம் விரட்டிய ஈரம் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும்.

ருசி சேர்ப்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. இது ஏற்கெனவே இனிக்கும் காய். இதன் தலையில் மேலும் சர்க்கரையைக் கொட்டுவது பலரும் செய்யும் தவறு. இதற்குத் தேவை உப்பு, புளிப்பு, கொஞ்சம் காரம். ட்ரே வெளியே வந்ததும் அரை எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு தேக்கரண்டி வினிகர் தெளித்துப் பாருங்கள், மந்தமாக இருந்த இனிப்பு எழுந்து நிற்கும். புளிப்பை முதலிலேயே சேர்க்கக்கூடாது. அமிலம் இருந்தால் காய்கறியின் செல்சுவர்கள் இளகுவது தாமதமாகும், துண்டுகள் கடினமாகவே நிற்கும்.

சீரகமும் மிளகாய்த்துகளும் எண்ணெயோடேயே சேர்க்கலாம். தைம், ரோஸ்மேரி போன்ற கெட்டி இலைகளும் அப்படியே தாங்கும். பூண்டை நறுக்கிப் போட்டால் 20 நிமிடத்தில் கருகிக் கசக்கும். தோலோடு முழுப் பல்லாகப் போடுங்கள், வெந்ததும் பிதுக்கி எடுத்துத் துண்டுகளோடு கலக்கலாம். தேன் அல்லது மேப்பிள் சிரப் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் கடைசி 8, 10 நிமிடத்தில் மட்டும். கொத்தமல்லி, பார்ஸ்லி போன்ற மெல்லிய இலைகள் அடுப்பை விட்டு இறங்கிய பிறகுதான். வெண்ணெயைச் சின்னக் கடாயில் பழுப்பாகும்வரை உருக்கி, அதில் நான்கைந்து சேஜ் இலைகளைப் பொரித்து மேலே ஊற்றினால் விருந்துக்கு வைக்கலாம். ஆனால் உப்பு, மிளகு, எலுமிச்சை மட்டும் போட்ட முதல் ட்ரேயைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு இவற்றுக்கெல்லாம் போங்கள். காய் நன்றாக இருந்தால் அதுவே போதும்.

வேறு வகை கிடைத்தால் சிறு மாற்றங்கள் வேண்டும். டெலிகாட்டாவுக்குத் தோல் சீவவே வேண்டாம், மெல்லியது, அப்படியே சாப்பிடலாம். நீளவாக்கில் பிளந்து விதையை எடுத்து ஒரு சென்டிமீட்டர் வளைவுகளாக வெட்டினால் 20, 25 நிமிடத்தில் ஆகிவிடும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கபோச்சாவின் பச்சைத் தோலும் வெந்தால் சாப்பிடலாம்; சதை பட்டர்நட்டைவிட வறண்டது, ஆகவே எண்ணெய் கொஞ்சம் கூட வேண்டும். ஏகார்ன் முழுக்க மேடு பள்ளம், சீவினால் நேரம்தான் போகும். அதை இரண்டாக வெட்டி விதையை எடுத்து, உள்ளே எண்ணெயும் உப்பும் தடவி, வெட்டிய முகம் ட்ரேயில் படும்படி கவிழ்த்து 200 டிகிரியில் 40 முதல் 50 நிமிடம் விடுங்கள். முகம் பழுப்பாகும், உள்ளே தன் ஆவியிலேயே வேகும். பட்டர்நட்டையும் இப்படிச் சுடலாம். தோல் சீவ நேரமில்லாத நாளில் நான் இதைத்தான் செய்கிறேன், ஸ்பூனால் வழித்துச் சாப்பிடலாம். ஸ்பகெட்டி ஸ்குவாஷ் நூல் நூலாகப் பிரியும் வகை, அதைத் துண்டு போட்டுச் சுடுவதில் பயனில்லை.

விதையைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவி, நார் நீக்கி, நன்றாக உலரவிட்டு, சிறிது எண்ணெயும் உப்பும் புரட்டி 160 டிகிரியில் 15, 20 நிமிடம் வையுங்கள். உலராமல் வைத்தால் மொறுமொறுப்பு வராது, ரப்பர் மாதிரி இழுக்கும். சுட்ட ஸ்குவாஷ் மேல் தூவினால் மென்மைக்கு நடுவே கடிக்க ஒன்று கிடைக்கும்.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். பச்சைத் துண்டின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால், துப்பிவிட்டு முழுக்காயையும் தூக்கி எறியுங்கள். குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் சில காய்களில் அதிகமாக இருக்கும். வேகவைத்தாலும் சுட்டாலும் அது போகாது. கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பிரான்சில் கசந்த ஸ்குவாஷ் சாப்பிட்ட இரண்டு பெண்களுக்கு இதெல்லாம் போதாதென்று சில வாரங்களில் தலைமுடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியதாக 2018ல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. கடையில் வாங்கும் காயில் இது அபூர்வம். தோட்டத்தில் தானாக முளைத்த கொடியிலோ, அலங்காரக் காய்களின் பக்கத்தில் வளர்ந்து கலப்பான விதையிலோ வந்த காயில்தான் ஆபத்து அதிகம். அலங்காரத்துக்கு விற்கும் சின்னக் காய்களைச் சமைக்கவே கூடாது.

மிச்சமானதை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் 3, 4 நாள் தாங்கும். திரும்பச் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், துண்டுகள் தளர்ந்துவிடும். 200 டிகிரி ஓவனில் 10 நிமிடம், அல்லது அகலமான கடாயில் எண்ணெய் இல்லாமல் மிதமான தீயில் வாட்டினால் ஓரம் மறுபடி கெட்டிப்படும். பச்சையாக வெட்டிய துண்டுகளை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வைக்கலாம், ஆகவே வெட்டும் வேலையை ஒரு நாளும் சுடும் வேலையை இன்னொரு நாளுமாகப் பிரித்துக்கொள்வது தாராளமாக முடியும்.

கடைசியாக, ஏற்கெனவே கொழகொழவென்று ஆகி உங்கள் கையில் இருக்கும் அந்த ட்ரே. துண்டுகள் இன்னும் உருவம் குலையாமல் இருந்தால், தேங்கிய தண்ணீரைச் சாய்த்து வடித்துவிட்டு, இரண்டு ட்ரேயாகப் பரப்பி, 220 டிகிரியில் இன்னொரு 12 நிமிடம் வையுங்கள். பாதியாவது மீண்டு வரும். தொட்டால் உடையும் நிலை என்றால் அதோடு போராட வேண்டாம். அகலமான கடாயில் கொட்டி மசித்து, ஈரம் வற்றிக் கரண்டியில் குவித்தால் நிற்கும்வரை நடுத்தரத் தீயில் கிளறி, ஒரு துண்டு வெண்ணெய், உப்பு, நிறைய மிளகு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து இறக்குங்கள். நன்றாகவே இருக்கும்.